இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே

டர்போ வண்டியோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இத்தனை வருஷத்தில் மாறவே இல்லை. "ஏனுங்க, ரீமேப் போட்டா எத்தனை குதிரை ஏறும்?" பதிலுக்கு நான் கேட்பதும் மாறியதில்லை. "வண்டி எங்கே ஓடுதுங்க?" வால்பாறை எஸ்டேட்டுக்கு வாரம் இரண்டு முறை ஏறுகிற வண்டியும், சேலம் நாற்கரச் சாலையில் நூறில் நிற்கிற வண்டியும், அவிநாசி ரோடு சிக்னல்களில் நகர்கிற வண்டியும் ஒரே மாடலாக இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே மேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் எழுதிய ஒரே கணக்கு, சரிவராது. குதிரைத்திறன் கூடுவது பேப்பரில் ஒரு எண். ஓட்டுகிறவரின் காலுக்குத் தெரிவது, டார்க் எந்த இடத்தில் வருகிறது, எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,020-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும். 2007-ல் வந்த டீசல் ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 4,000 ஆர்பிஎம்மில் 75 குதிரைத்திறன், 2,000-ல் 190 நியூட்டன் மீட்டர் டார்க் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். 190 டார்க் இருக்கிற 2,000-ல் குதிரைத்திறன் வெறும் 54. 75 குதிரைத்திறன் இருக்கிற 4,000-ல் டார்க் 132. பெரிய எண் வருகிற இடத்தில் இழுவை ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. இன்னொன்றும் பாருங்கள். 1,500 ஆர்பிஎம்மில் 30 நியூட்டன் மீட்டர் கூட்டினால் கணக்கில் ஏறுவது ஆறு குதிரைத்திறன். ஆறு குதிரை என்று பிட் நோட்டீஸ் அடித்தால் எவரும் கடைக்கு வரமாட்டார். ஆனால் மலைப்பாதையில் அந்த 30-தான் வண்டியின் குணத்தையே மாற்றும்.

இந்தப் பாடத்தை நான் கம்ப்யூட்டரில் கற்கவில்லை. சங்ககிரியில் ஒரு பம்ப் கடையில்தான் தொழில் பழகினேன். லாரிக்காரர்கள் நிறைந்த ஊர். அன்றைக்கு டீசல் டியூனிங் என்றால் எஃப்ஐபி பம்பைக் கழற்றி, டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, ஒவ்வொரு லைனிலும் எத்தனை சிசி டீசல் விழுகிறது என்று கண்ணாடிக் குழாயில் பார்ப்பது. சீலை உடைத்து ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருப்பினால் டீசல் கூடும், பவரும் கூடும், புகையும் கூடும். டர்போ இல்லாத லாரியில் கதை அத்தோடு முடிந்தது.

டர்போ லாரிகள் வந்ததும் பம்பின் தலையில் இன்னொரு உறுப்பு முளைத்தது. மேனிஃபோல்டிலிருந்து ஒரு ஹோஸ் வந்து அதில் சேரும். உள்ளே ஒரு டயாஃபிரமும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். டர்போ காற்றை அழுத்த ஆரம்பித்தால் டயாஃபிரம் இறங்கும், அதற்குத் தக்கபடி டீசல் கூடும். காற்று வராமல் டீசல் மட்டும் போனால் வெறும் புகைதான் மிஞ்சும் என்பதற்காக வைத்த காவல் அது. அந்த ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் பூஸ்ட் வருவதற்கு முன்பே டீசல் பாயும். வண்டி சட்டென்று எழும், பின்னால் வருகிறவன் முகம் கறுக்கும். இறுக்கினால் புகை இருக்காது, லோடு வண்டி தொப்பூர் கணவாயில் நத்தையாக ஏறும். எங்கள் கடை அண்ணன் சொல்வார்: "புகை தள்ளுச்சுன்னா டீசல் வீண். துளிகூட புகையே இல்லேன்னா டர்போ தூங்குதுன்னு அர்த்தம்." கிளம்பும்போது ஒரு இழை புகை, அடுத்த நொடி சுத்தம். அந்த அளவில் ஸ்பிரிங்கை நிறுத்துவதுதான் அவர் வேலை. இரண்டு லாரிகளில் ஃபுல் லோடு ஸ்க்ரூ ஒரே அளவில் இருக்கும், பெஞ்சில் சிசி ஒன்றாக விழும், ஆனால் டிரைவர் ஒன்றை மெச்சி மற்றொன்றைத் திட்டுவார். வித்தியாசம் அந்த ஸ்பிரிங்கில் இருந்தது.

2002 வாக்கில் ஆக்சென்ட் சிஆர்டிஐ போன்ற காமன் ரெயில் கார்கள் வந்தன. பம்பில் திருப்புவதற்கு ஸ்க்ரூவே இல்லை. ரெயிலில் ஆயிரத்துச் சொச்சம் பார் அழுத்தத்தில் டீசல் காத்திருக்கும். இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எத்தனை மைக்ரோ செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்பதை இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ முடிவு செய்யும். எங்கள் பம்ப் உலகத்தில் பலர் இதோடு கார் பக்கமே வரவில்லை, லாரியோடு நின்றுகொண்டார்கள். நான் கோவைக்கு வந்து ஸ்கேனர் பிடிக்கப் பழகினேன்.

அந்தக் காலகட்டத்தில் டியூனிங் பாக்ஸ் என்று ஒன்று சந்தைக்கு வந்தது. ரெயில் பிரஷர் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் மாட்டுவார்கள். சென்சார் 1,200 பார் என்று சொன்னால் பாக்ஸ் அதை 1,100 என்று மாற்றிச் சொல்லும். ஈசியூ ஏமாந்து அழுத்தத்தை ஏற்றும், அதே நேரத்தில் அதிக டீசல் உள்ளே போகும். பத்து நிமிஷ வேலை, சர்வீஸுக்குப் போகும்போது கழற்றி வைத்துவிடலாம். பிக்கப் கூடியது நிஜம். ஆனால் பாக்ஸுக்குக் காற்று எவ்வளவு வருகிறதென்று தெரியாது, கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்று தெரியாது. தேவையில்லாத இடத்திலும் கூட்டும், தேவையான இடத்தில் போதாமலும் விடும். பம்ப் கடையில் டயாஃபிரம் செய்த காவல் வேலையை இது செய்யவில்லை. அதனால்தான் எனக்கு அதன் மேல் மனம் ஒட்டவில்லை.

லேப்டாப்பை ஓபிடி போர்ட்டில் மாட்டி ஈசியூவின் ஃபைலையே படித்து எழுதும் வேலை கைக்கு வந்தபோது, அந்தப் பழைய ஸ்பிரிங் மறுபடியும் கண்ணில் பட்டது. இப்போது அது எண்கள் நிரம்பிய கட்டமாக இருந்தது. ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் உள்ளே வரும் காற்றின் எடை, நடுவில் அனுமதிக்கப்பட்ட டீசல். அதற்கு ஸ்மோக் லிமிட்டர் என்று பெயர். அதற்கு மேலே டார்க் லிமிட்டர், பக்கத்தில் பூஸ்ட் டார்கெட், ரெயில் பிரஷர், இன்ஜெக்ஷன் டைமிங், பெடலை எவ்வளவு மிதித்தால் எவ்வளவு கேட்கிறார் என்று பொருள் கொள்ளும் இன்னொரு கட்டம். டிரைவர் கேட்பது ஒன்று. இத்தனை காவலர்களும் கையெழுத்துப் போட்ட பிறகு இன்ஜெக்டருக்குப் போகிற உத்தரவு வேறொன்று. எந்த நொடியில் எந்தக் காவலர் கையைப் பிடிக்கிறார் என்று கண்டுபிடிப்பதில்தான் எங்கள் நேரம் போகும். எண்ணை மாற்றுவது கடைசி ஐந்து நிமிஷம்.

ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று ஊரெல்லாம் ஓடிய காலம் எங்களுக்குப் பள்ளிக்கூடம். 2,000-க்கு மேல் பாயும், கீழே சோம்பும் என்பது அந்த இன்ஜினை ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். ஒரு எஸ்டேட் மேனேஜர் டீசல் ஸ்விஃப்ட்டோடு வந்தார். "மேலே பவர் வேண்டாங்க, ஹேர்பின்ல ஏறுனா போதும்" என்றார். ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அவர் ஓட்ட, நான் மடியில் லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

வளைவுக்குள் இரண்டாவது கியரில் நுழைகிறார். திரும்பி நிமிரும்போது ஆர்பிஎம் 1,400. ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கிறார். திரையில் பெடல் கோடு செங்குத்தாக ஏறுகிறது, பூஸ்ட் டார்கெட் கோடும் கூடவே ஏறுகிறது. நிஜ பூஸ்ட் கோடு மட்டும் தரையிலேயே கிடக்கிறது. டீசல் அளவைப் பார்த்தால் ஸ்மோக் லிமிட்டர் பிடித்து வைத்திருக்கிறது. காற்று இல்லாததால் டீசல் இல்லை. டீசல் இல்லாததால் எக்ஸாஸ்ட்டில் சூடு இல்லை. சூடு இல்லாததால் டர்பைன் சுற்றவில்லை. டர்பைன் சுற்றாததால் காற்று இல்லை. 1,900-த்தைத் தொட்டதும் இந்தச் சக்கரம் அறுந்து எல்லாம் ஒன்றாக வருகிறது. அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது, பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்த இன்ஜினில் இருந்தது நிலையான வடிவம் கொண்ட சின்ன டர்போ. சாஃப்ட்வேரால் டர்பைனின் அளவை மாற்ற முடியாது. செய்ய முடிந்தது மூன்று காரியங்கள். பெடலை வேகமாக மிதிக்கிற கணத்தில் இஜிஆர் வால்வு முன்பைவிடச் சீக்கிரம் மூடும்படி செய்தேன். புகை திரும்பிப் போகிற இடத்தில் நல்ல காற்று வரட்டும் என்று. 1,400 முதல் 1,900 வரை மட்டும் ஸ்மோக் லிமிட்டரை இம்மி அளவு தளர்த்தினேன். அதே பகுதியில் இன்ஜெக்ஷனைக் கொஞ்சம் தாமதப்படுத்தினேன். தாமதமாக எரிந்தால் பிஸ்டனுக்குப் போகிற வேலை குறைந்து எக்ஸாஸ்ட்டுக்குப் போகிற சூடு கூடும், டர்பைன் முன்னதாக விழிக்கும். இத்தனையும் செய்து டர்போ வந்து சேர்ந்தது சுமார் இருநூறு ஆர்பிஎம் முன்னதாக. 3,000-க்கு மேலே நான் கை வைக்கவே இல்லை. பவரை அளக்கும் டைனோவில் ஏற்றினால் உச்ச எண் பழையதுதான். அடுத்த மாதம் அவர் போன் செய்து, "ஃபர்ஸ்ட் கியரையே மறந்துட்டேனுங்க" என்றார்.

இதே 1.3 இன்ஜின் பிறகு விஜிடி டர்போவோடு 90 குதிரைத்திறனில் வந்தது. அந்த டர்போவில் டர்பைனைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழ்கள் இருக்கும். ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது இதழ்கள் நெருங்கி வழியைக் குறுக்கும், வருகிற கொஞ்சப் புகையும் வேகமாகப் போய் டர்பைனில் மோதும். ஆர்பிஎம் ஏறினால் இதழ் விரியும். டியூன் செய்கிறவனுக்கு இது பெரிய வரப்பிரசாதம், பெரிய ஆபத்தும்கூட. இதழை அதிக நேரம் மூடி வைத்தால் எக்ஸாஸ்ட்டில் எதிர் அழுத்தம் ஏறும். இன்ஜின் விழுங்க முடியாத காற்றை கம்ப்ரஸர் தள்ளப் பார்த்து சர்ஜ் ஆகும். பானெட்டைத் திறந்து வைத்துக் கேட்டால் குருவி கத்துவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் பிக்கப்பின் அடையாளம் என்று பெருமைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது டர்போ ஷாஃப்ட்டின் ஆயுள் குறைகிற சத்தம். சின்னக் கார் டர்போக்கள் நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுபவை. அந்த வேகத்தில் சின்ன அதிர்வும் சின்னதல்ல.

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி வந்தார், வேறோர் இடத்தில் ரீமேப் செய்த டீசல் செடானோடு. டைனோ ஷீட்டை லேமினேட் செய்து கையில் வைத்திருந்தார். குதிரைத்திறன் எண்ணை மஞ்சள் மார்க்கரால் வட்டமிட்டிருந்தார். மூன்றாவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் ஸ்லிப். ஷீட்டில் அவர் வட்டமிடாத கோட்டை நான் காட்டினேன். டார்க் 1,700-ல் சுவர் போலச் செங்குத்தாக எழும்பி, 2,000-ல் உச்சியைத் தொட்டு, உடனே சரிந்திருந்தது. கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது, டார்க் மட்டும்தான் தெரியும். கனெக்டிங் ராடுக்கும் பேரிங்குக்கும் அப்படித்தான். குறைந்த ஆர்பிஎம்மில் ஒரேயடியாக டார்க் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், அந்த அடியை மெல்லிய ஆயில் படலம் ஒன்று தாங்க வேண்டும். 1,700-ல் 300 நியூட்டன் மீட்டர் கேட்பதும் 2,300-ல் அதே 300 கேட்பதும் இன்ஜினுக்கு ஒன்றல்ல.

கிளட்ச்சை மாற்றி, டார்க் லிமிட்டரை மறுபடி எழுதினேன். 1,600-லிருந்து 2,300 வரை சரிவான ஏற்றம், பிறகு 3,500 வரை சமதளம், மேலே குதிரைத்திறன் அவர் ஷீட்டில் இருந்த அளவே. ஓட்டிப் பார்த்துவிட்டுத் தம்பியின் முகம் தொங்கிவிட்டது. "முன்ன இருந்த அடி இல்லீங்கண்ணா." ஓட்டும்போது பதிவான லாக்கை எடுத்துக் காட்டினேன். அறுபதிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மூன்றாவது கியரில் போக ஆன நேரம் முன்பைவிடக் குறைந்திருந்தது. அவருக்கு நம்பிக்கை வரச் சில நாள் ஆயிற்று. நம் முதுகுக்கு வேகம் தெரியாது, வேகம் மாறுகிற விதம்தான் தெரியும். திடீரென்று டார்க் எழும்பினால் சீட்டில் ஒரு குத்து விழும், அதைப் பவர் என்று மனசு பதிந்துகொள்ளும். சீராக வந்தால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும், ஸ்பீடோ முள் மட்டும் ஏறியிருக்கும். கடைக்காரர்கள் பலர் குத்தைத்தான் விற்கிறார்கள், ஏனென்றால் டெஸ்ட் டிரைவில் அதுதான் காசு வாங்கித் தரும்.

பெட்ரோல் டர்போ பக்கம் வருவோம். 2004-ல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 லிட்டர் டர்போவோடு இங்கே வந்தது. 150 குதிரைத்திறன், 1,750-லிருந்து 4,600 வரை ஒரே அளவாக 210 நியூட்டன் மீட்டர். 2013-ல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வந்தது. 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன், 1,500 முதல் 4,100 வரை 175. இப்படி ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி நேராக ஓடும் டார்க் கோடு எந்த டர்போவிலும் இயற்கையாக வராது. நடுவில் இன்னும் அதிகம் தரக்கூடிய டர்போவை வேஸ்ட்கேட்டைத் திறந்து திறந்து அடக்கி வைத்தால்தான் வரும். ஸ்டேஜ் ஒன் ரீமேப் என்று விற்பது பெரும்பாலும் அந்த அடக்கி வைத்ததில் கொஞ்சத்தை விடுவிப்பது. எவ்வளவு விடலாம் என்பதற்கு இன்ஜின் மட்டும் பதில் சொல்லாது. அந்தப் போலோவின் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி, உலர் கிளட்ச் வகை, 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைத்தது. இன்ஜின் தாங்குகிறதே என்று அந்த வரம்பை மதிக்காதவர்கள், லாபத்தையெல்லாம் கியர் பாக்ஸுக்குத் திருப்பிக் கொடுப்பார்கள்.

பெட்ரோலில் டீசலைப் போலப் புகை எச்சரிக்காது. கலவை தாறுமாறாக வெடிக்கிற நாக்கிங்தான் எதிரி. நம் பங்குகளில் சாதாரணப் பெட்ரோல் நெடுங்காலம் 91 ஆக்டேன்தான். ஐரோப்பாவில் 95-ஐயும் 98-ஐயும் நம்பி எழுதிய மேப்பை அப்படியே இறக்கி இங்கே போடுகிறவர்கள் உண்டு. நாக் சென்சார் கேட்டுவிட்டு இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்துவிடும். பூஸ்ட் ஏறியிருக்கும், பவர் ஏறியிருக்காது, எக்ஸாஸ்ட் மட்டும் கொதிக்கும். 99, 100 ஆக்டேன் பெட்ரோல் நம் ஊர்ப் பங்குகளுக்கு வந்த பிறகு, "அதுக்குத் தக்கபடி எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வருகிறார்கள். எழுதிக் கொடுத்தால், கூடலூர் தாண்டி அந்தப் பெட்ரோல் கிடைக்காத பங்கில் சாதாரணத்தை அடித்துக்கொண்டு முழு பெடலில் போவார்கள். அதனால் என்ன கிடைக்குமோ அந்தப் பெட்ரோலுக்குத்தான் எழுதுவேன்.

இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. ஆக்டேன் ஏறியிருக்கிறது, டர்போ இன்ஜினுக்கு அது நல்லதுதான். ஆனால் எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். சுத்தப் பெட்ரோலில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்றால், இந்தக் கலவைக்கு 13.5-ஐ ஒட்டி வரும். பழைய வண்டியில் ரீமேப் செய்து இன்ஜெக்டர்களை விளிம்பு வரை ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கே மிச்சம் இல்லை. அப்படிப்பட்ட ஃபைல்களில் முழு லோடு பூஸ்ட்டைக் குறைத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வெயிலும் ஒரு பங்காளி. ஏப்ரல் மதியம் கோவையில் 35 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், கம்ப்ரஸரை விட்டு வெளியே வரும்போது அது 120 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதைத் தணிக்கத்தான் இன்டர்கூலர். ரோட்டில் காற்று வீசும்போது நன்றாகத் தணிக்கும். சிக்னலில் நின்று நின்று போனால் இன்டர்கூலரே சூடேறிக் கிடக்கும். பத்து டிகிரி ஏறினால் காற்றின் அடர்த்தி மூன்று சதவீதம் குறையும், கூடவே நாக்கிங்கும் நெருங்கும். டைனோவில் முதல் ஓட்டத்துக்கும் மூன்றாவது ஓட்டத்துக்கும் வித்தியாசம் வருவது இதனால்தான். வாடிக்கையாளரிடம் காட்டுவது பொதுவாக முதல் ஓட்டத்தின் ஷீட். நான் மூன்றாவதைக் காட்டுவேன். ரோட்டில் அவர் வண்டி ஓடப்போவது அந்த நிலையில்தான்.

சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் சின்ன டிஐ டர்போ இன்ஜின்கள் வந்த பிறகு ஆர்பிஎம் குறைவான பகுதியில் புதிதாக ஒரு பயமும் சேர்ந்தது. 1,500-ல் ஐந்தாவது கியரைப் போட்டு முழுக்க மிதித்தால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். எல்எஸ்பிஐ என்பார்கள். ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் பகுதி உடைந்து போகும், நாக் சென்சார் கேட்டு முடிப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். ஆயிலில் இருக்கும் கால்சியம் சேர்மானத்துக்கும் இதில் பங்கு உண்டென்று தெரிந்த பிறகுதான் 2018-ல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-ல் எஸ்பி என்று ஆயில் தரத்தையே மாற்றினார்கள். டீசலில் கீழ்ப்பகுதியை நிரப்பக் கற்ற நான், இந்த வண்டிகளில் 1,800-க்குக் கீழே டார்க்கைக் கூட்டுவதே இல்லை. கீழே இன்னும் வேண்டும் என்று கேட்பவருக்கு, கியரை ஒன்று இறக்குங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

கோவையில் கடை வைத்தவனுக்கு ஊட்டி ஒரு பரீட்சை. இங்கே காற்றழுத்தம் சுமார் 960 மில்லிபார். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் ஏறத்தாழ 780. மேனிஃபோல்டில் இரண்டு பார் வேண்டும் என்று எழுதியிருந்தால், கோவையில் டர்போ காற்றை இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் அழுத்தினால் போதும். ஊட்டியில் இரண்டரை மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கம்பெனி மேப்பில் உயரம் ஏற ஏற பூஸ்ட்டைக் குறைக்கும் ஒரு கட்டம் இருக்கும். உள்ளூரில் மட்டும் ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர்கள் அந்தக் கட்டத்தைக் கவனிப்பதில்லை. சிலர் பவர் குறையக் கூடாது என்று வேண்டுமென்றே சமப்படுத்திவிடுவார்கள். குன்னூர் தாண்டியதும் டர்போ விசிலடிக்க ஆரம்பித்து, லவ்டேல் பக்கம் நீலப் புகையோடு நின்று, லாரியில் ஏறி வந்த வண்டியைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். கம்ப்ரஸர் சக்கரம் ஹவுசிங்கில் உரசி இறக்கைகள் தேய்ந்திருந்தன. மலைக்குப் போகிற வண்டி என்றால் மலைக்குப் போய் லாக் எடுக்காமல் ஃபைலை முடிக்கக் கூடாது.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் வண்டிகளுக்கு வேலை செய்த நாட்களில், ஓட்டுகிறவர்கள் குதிரைத்திறனைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. "மூணாவது கார்னர் எக்ஸிட்ல பாதி பெடல்ல நான் கேக்கறதுக்கு மேல வருது" என்பார்கள். முன் சக்கரம் இழுக்கிற கார் வளைவை விட்டு வெளியே வரும்போது டார்க் ஒரேயடியாக வந்தால் உள்பக்க டயர் வழுக்கும், கார் நேராகப் போகப் பார்க்கும். அதனால் முதல் இரண்டு கியர்களில் பூஸ்ட்டைக் குறைத்து எழுதுவோம், பெடலின் பாதியில் டார்க்கின் பாதி வருகிற மாதிரி சீர் செய்வோம். குறைத்து எழுதிய பிறகு லேப் டைம் இறங்கும். 2018-ல் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து டியாகோ ஜேடிபி கொண்டுவந்தபோது அதன் எண்களைப் பார்த்துச் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அதே 1.2 டர்போ நெக்ஸானில் 110 குதிரைத்திறனும் 170 டார்க்கும் தந்தது. இதில் 114-ம் 150-ம்தான். ஓட்டிப் பார்த்தவர்கள் பிதுக்கவில்லை. லேசான வண்டி, 2,000-லிருந்து 4,000 வரை நேர்கோட்டில் வருகிற டார்க்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் தொழில் இன்னொரு முறை திரும்பியது. மாருதி டீசலையே விட்டுவிட்டது. மற்ற டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் வந்தது. புகையைத் தளர்த்திப் பிக்கப் வாங்குகிற பழைய வழி அடைபட்டது. தளர்த்தினால் ஃபில்டர் சீக்கிரம் நிரம்பும், அடிக்கடி எரித்துச் சுத்தம் செய்யும், ஆயிலில் டீசல் கலக்கும். "ஃபில்டரைத் தூக்கிடுங்க" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு காரணம். பின்னால் டூவீலரில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறவர் அந்தப் புகையைத் தின்ன வேண்டும் என்பது இன்னொன்று. ஈசியூக்களும் பூட்டுப் போட்டு வருகின்றன. அதோடு, நாங்கள் விற்ற சரக்கைக் கம்பெனிகளே கொடுக்கத் தொடங்கிவிட்டன. இன்றைக்கு ஃபோக்ஸ்வாகனின் 1.5 டிஎஸ்ஐ 1,600-லிருந்து 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. இதை வாங்குகிற பலருக்கு என் போன்றவர்கள் தேவையே இல்லை. அவர்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

ரீமேப் வேண்டும் என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு நான் செய்வது ரீமேப்பே அல்ல. "முன்ன மாதிரி இழுவை இல்ல, மேப் போட்டுடுங்க" என்பார்கள். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, காற்று ஏற்றிப் பார்த்தால் இன்டர்கூலர் ஹோஸ் கிளாம்ப் அடியில் குமிழி விடும். அல்லது வேக்கம் டியூப் வெடித்து விஜிடி இதழ்கள் அசையாமல் கிடக்கும். சில நூறு ரூபாயில் வண்டி பழையபடி ஓடும். அந்த ஓட்டையோடு ரீமேப் செய்திருந்தால், கசிகிற காற்றை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி முறிந்திருக்கும்.

ஆகவே டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். முதலில் ஹோஸ், கிளட்ச், பிளக், இன்ஜெக்டர், ஆயில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டியூன் செய்கிறவரிடம் உச்ச எண்ணைக் கேட்காதீர்கள். ரீமேப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த டார்க் கோட்டை ஒரே தாளில் கேளுங்கள். கோடு செங்குத்தாக எழும்பினால் ஏன் என்று கேளுங்கள். நீங்கள் தினமும் போகிற ரோட்டில், தினமும் அடிக்கிற பெட்ரோலோ டீசலோ போட்டு, வீட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டி லாக் எடுக்கச் சொல்லுங்கள். வாரண்டி போகும் என்பதையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அவர் தானாகவே சொல்கிறாரா என்று கவனியுங்கள். இதற்கெல்லாம் நேரம் இல்லை என்று சொல்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.